போர் நடக்கும்போதே நிற்பது: வாராந்தர அமைதி நிற்புகளின் வரலாறும் வலுவும்

போருக்கு எதிராக மக்கள் கையாண்ட வழிகளுள் ஆய்வாளர்களின் கவனத்தை மிகக் குறைவாகப் பெற்றிருப்பது அமைதி நிற்பு எனலாம். ஊரார் பலரும் கடந்துசெல்லும் பொது இடமொன்றில், வாரந்தோறும் குறித்த கிழமையில், குறித்த வேளையில், சிலர் கூடி, முழக்கம் எழுப்பாமல், ஓரிரு சொற்கள் எழுதிய அட்டைகளை ஏந்தி, ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்புவதே இங்கு அமைதி நிற்பு என்று குறிக்கப்படுகிறது. பேரணிக்கு உள்ள மேடையும் பேச்சாளரும் அதற்கு இல்லை. உண்ணாநோன்பைப் போல அது எவருக்கும் கெடு வைப்பதில்லை. வேலைநிறுத்தத்தைப் போல எந்த ஆலையையும் மூடுவதில்லை. முதல் வாரம் வரும் செய்தியாளர் நூறாவது வாரம் வரமாட்டார். ஆயினும் ஒரு போர் ஆண்டுக்கணக்கில் நீளும்போது, பேரணிகளின் சுவரொட்டிகள் கிழிந்து உதிர்ந்த பிறகும் தெருவில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இவ்வடிவமே.

இதன் இடத்தை விளங்கிக்கொள்ள 2003ஆம் ஆண்டை நினைவுகூர்வது தகும். அவ்வாண்டு பிப்ரவரி 15 அன்று, ஈராக்கின்மீது அமெரிக்காவும் பிரிட்டனும் தொடுக்கவிருந்த போரை எதிர்த்து உலகின் பல நூறு நகரங்களில் மக்கள் ஒரே நாளில் திரண்டனர். ரோமிலும் லண்டனிலும் கூடிய கூட்டம் இலட்சங்களைக் கடந்தது. ஐந்து வாரங்கள் முடிவதற்குள், மார்ச் 20 அன்று, போர் தொடங்கிவிட்டது. போரைத் தடுப்பதற்காகத் திரண்ட அப்பெருங்கூட்டத்திடம், தடுக்க முடியாமற்போன பின் என்ன செய்வது என்ற வினாவுக்கு விடை இருக்கவில்லை. அடுத்தடுத்த பேரணிகளில் தலைகள் குறைந்தன, குறைந்தது செய்தியாயிற்று, செய்தியானதால் மேலும் குறைந்தன. அத்தகைய வினாவுக்கு விடையாக வாராந்தர நிற்பு அதற்கு முன்பே உருவெடுத்திருந்தது. போரைத் தொடங்கவிடாமல் செய்வதாக அது வாக்குறுதி தருவதில்லை. நடந்துகொண்டிருக்கும் போர் அன்றாட வாழ்வின் இயல்பான பின்னணியாக மாறிவிடாதபடி, போரை நடத்தும் நாட்டின் சொந்தத் தெருவில் அதை வாரம் ஒருமுறை முன்னிறுத்துவதே அதன் வேலை. அந்த வேலையில் அது எங்கே நிலைத்தது, எங்கே முறிந்தது என்பதே இச்சொற்பொழிவின் பொருள். முன்வைக்கப்படும் கருத்து சுருக்கமானது: வசைக்கும் தடியடிக்கும் நிற்புகள் கலைந்தது அரிது, அவற்றைக் கலைத்தவை இரண்டு, தன் வீட்டுக் கூரைமீது குண்டு விழும் என்ற அச்சமும், சமாதானம் வந்துவிட்டது என்ற நம்பிக்கையும்.

இவ்வடிவத்தின் முன்னோடிகள் பலர். பேச்சற்ற வழிபாட்டையே தம் சமய நெறியாகக் கொண்ட குவேக்கர்கள், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிப் போர்த்தொழிலை முற்றாக மறுத்த கிறித்தவப் பிரிவினர், மௌனமே ஒரு பொதுச்செயலாகலாம் என்பதற்கு நெடுங்காலப் பழக்கத்தைத் தந்தனர். தென்னாப்பிரிக்காவில் 1955இல் வெள்ளை இனப் பெண்கள் சிலர், கலப்பினத்தாரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்குவதற்காக அரசமைப்பை வளைத்த அரசுக்கு எதிராக, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகக் கறுப்புப் பட்டி அணிந்து, தலை குனிந்து, அரசமைப்புக்குத் துக்கம் காப்பதைப் போல நின்றனர். ‘கறுப்புப் பட்டி’ என்பதே அவ்வமைப்பின் பெயராயிற்று. அமைச்சர்கள் இறங்கும் இரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் அப்பெண்கள் இருபுறமும் பேசாமல் வரிசை கட்டி நிற்பதுண்டு. வசை கேட்டுப் பழகிய அமைச்சர்களுக்கும் அந்த மௌனத்தினூடே நடந்துபோவது எளிதாக இருந்ததில்லை. கூட்டங்கூடுவது பின்னாளில் தடைசெய்யப்பட்டபோது, ஒருவருக்கொருவர் தொலைவு விட்டுத் தனித்தனியே நின்று அவர்கள் சட்டத்தைத் தாண்டினர். ‘கூட்டம்’ என்பதற்குச் சட்டம் எத்தனை பேர் என்று வரையறை வைக்கிறதோ, அந்த எண்ணுக்குக் கீழே போய் நிற்பது இவ்வடிவத்தின் பழைய தந்திரம்.

அர்ஜென்டினத் தலைநகர் புவனஸ் அயர்ஸில், இராணுவ ஆட்சியால் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 1977 ஏப்ரல் 30 அன்று மாயோ சதுக்கத்தில் முதன்முதலாகக் கூடியபோது பதினான்கு பேரே இருந்தனர். கும்பலாக நிற்கக் கூடாது, நடங்கள் என்று காவலர்கள் அதட்டியதால், இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்தின் நடுவிலுள்ள தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினர். நின்றுவிட்டுப் போகவிருந்தவர்களை வாரந்தோறும் வலம்வருபவர்களாக ஆக்கியது அந்த ஆணைதான். அவர்களது நாள் வியாழக்கிழமை. அடையாளம் வெள்ளைத் தலைத்துணி. அவ்வாண்டு டிசம்பரில் அவர்களுள் மூவர் தாமே கடத்திக் கொல்லப்பட்ட பின்னும் வலம் நிற்கவில்லை. 1982இல் அதே இராணுவ ஆட்சி மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளுக்காக பிரிட்டனுடன் போரில் இறங்கி, நாடே கொடியசைத்துக்கொண்டிருந்த வாரங்களில், தீவுகள் அர்ஜென்டினாவுடையவை என்றால் காணாமற்போனவர்களும் அர்ஜென்டினாவுடையவர்களே என்ற வாசகத்தோடு தாய்மார்கள் வந்தனர். போர்வெறியோடு நேரடியாக மோதாமல், அதன் சொல்லையே எடுத்து அதற்கு எதிரே வைத்த அறிவுக்கூர்மை அது. நாட்டுப்பற்று உச்சத்தில் இருக்கும்போது நிற்பு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் பிற்காலத்தில் எங்கும் கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்க, அர்ஜென்டின மரபுகளை அறிந்தவர்களின் கையில் வாராந்தர அமைதி நிற்பு அதன் முழு வடிவத்தைப் பெற்றது ஜெருசலேமில். 1987 டிசம்பரில் காஸாவிலும் மேற்குக் கரையிலும் முதல் இன்டிஃபாதா எழுந்தது. 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய நிலப்பகுதிகளில் வாழ்ந்த பாலஸ்தீனர்கள், இருபதாண்டு இராணுவ ஆட்சிக்கு எதிராகக் கடையடைப்பு, வரிமறுப்பு, கல்லெறிதல் ஆகியவற்றால் நடத்திய மக்கள் எழுச்சியை அச்சொல் குறிக்கும். அடுத்த மாதமே, 1988 ஜனவரியில், இஸ்ரேலியப் பெண்கள் சிலர் மேற்கு ஜெருசலேமில் பல சாலைகள் கூடும் பிரான்ஸ் சதுக்கத்தில் கறுப்பு உடையில் நிற்கத் தொடங்கினர். ‘கறுப்புடைப் பெண்கள்’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. பிரதமரின் இல்லத்துக்கு அருகிலுள்ள இடம் அது. நேரம் வெள்ளிக்கிழமை பகல் ஒன்று முதல் இரண்டு வரை.

அந்த நேரத்தேர்வு சற்று நின்று பார்க்கத்தக்கது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதோடு யூதர்களின் ஓய்வுநாளான சபாத் தொடங்கிவிடும். அதன்பின் கடைகள் இல்லை, பேருந்துகள் இல்லை. எனவே ரொட்டியும் பூங்கொத்தும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நகரம் முழுவதும் நண்பகலுக்குப் பிந்திய அந்த வேளையில் தெருவில் இருக்கும். சதுக்கத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும். நிற்பவர்களைப் பார்க்க மறுக்க விரும்புபவருக்கும் பார்ப்பதைத் தவிர வேறு வழி இராது. அப்பெண்களின் கையில், விரல்களை நிமிர்த்திய உள்ளங்கையின் வடிவில் வெட்டிய கறுப்பு அட்டை. அதில் எபிரேயம், அரபு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வெள்ளை எழுத்தில் ஆக்கிரமிப்பை நிறுத்துங்கள் என்ற ஒரே வாசகம். போக்குவரத்துக் காவலரின் ‘நில்’ என்ற சைகைக்கும் அவ்வட்டைக்கும் வடிவில் வேறுபாடில்லை. ஓட்டுநர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரே வாசகம் என்பது சோம்பலால் வந்ததன்று. அவ்வரிசையில் நின்றவர்களுள் யூதர்களுக்கெனத் தனிநாடு என்ற சியோனியக் கொள்கையை ஏற்றவர்களும் மறுத்தவர்களும் இருந்தனர். இரு நாடுகளாகப் பிரிவதே தீர்வு என்றவர்களும், அப்படிச் சொல்லத் தயங்கியவர்களும் இருந்தனர். எதிர்காலம் பற்றி ஒரு வரி கூடுதலாக எழுதினால் வரிசை பாதியாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சாரா ஹெல்மன், தமர் ரப்போபோர்ட் ஆகிய இரு சமூகவியலாளர்கள் இந்நிற்பை ஆராய்ந்து காட்டியவற்றுள் முதன்மையானது இந்தச் சிக்கன நெறியே: தலைமைக் குழு இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, கொள்கை அறிக்கை இல்லை, கறுப்பு உடை, ஒரு வாசகம், ஒரு மணி நேரம், அவ்வளவே. வருபவர் வரலாம், வராதவரிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. இவ்வளவு எளிதாக இருந்ததால்தான் அது விரைவில் பரவிற்று. டெல் அவிவ், ஹைஃபா ஆகிய நகரங்களிலும், கிபுட்ஸ் எனப்படும் கூட்டுப்பண்ணைகளை ஒட்டிய நெடுஞ்சாலைச் சந்திப்புகளிலுமாக, உச்சநிலையில் நாடெங்கும் முப்பது இடங்களளவில் ஒரே வேளையில் பெண்கள் நின்றனர்.

வசைக்குக் குறைவிருக்கவில்லை. வண்டியின் கண்ணாடியை இறக்கிக் கத்தியவர்கள், எச்சில் துப்பியவர்கள், எதிர்ப்பக்கத்தில் அணிவகுத்து நின்று கொடிபிடித்த தீவிர வலதுசாரிகள் என வாரந்தோறும் அது தொடர்ந்தது. அவ்வசைகளில் இரண்டு சரடுகள் இருந்தன: ஒன்று துரோகி என்பது; மற்றது, பெண்ணின் ஒழுக்கத்தைத் தாக்குவது. நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் உரிமையைப் படைவீரனின் தாயாகவோ மனைவியாகவோ மட்டுமே பெண் பெறும் ஒரு சமூகத்தில், அவ்வுறவு எதையும் முன்னிறுத்தாமல் வெறும் குடிமகளாக நின்று அரசைக் கேள்வி கேட்டவர்களை எந்தப் பெயரிட்டு அழைப்பது என்று தெரியாதவர்களுக்கு, உலகெங்கும் கைவசமுள்ள பழைய வசைதான் நாவில் வந்தது. பதில் சொல்வதில்லை என்பது நிற்பவர்களின் எழுதாத விதி. அவ்விதி அறநெறியாக மட்டுமன்றி உத்தியாகவும் வேலை செய்தது: ஒரு பக்கம் மட்டும் கத்திக்கொண்டிருக்கும் தெருவில், எந்தப் பக்கம் வன்முறை என்பது வேடிக்கை பார்ப்பவருக்குத் தானே விளங்கும். நெடுங்காலம் அவ்வரிசையில் நின்ற கிலா ஸ்விர்ஸ்கி போன்றோரின் எழுத்துகளைப் படிப்பவர் ஒன்றை உணர்வர்: வசை அவர்களைப் பிரிக்கவில்லை, நெருக்கியது.

பிரித்தது வேறொன்று. 1991 ஜனவரி 18 அதிகாலையில், வளைகுடாப் போரின்போது, ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் டெல் அவிவ், ஹைஃபா வட்டாரங்களில் விழத் தொடங்கின. நச்சுவாயு வருமென்று அஞ்சிய மக்கள், சன்னல் இடுக்குகளை ஒட்டுநாடாவால் அடைத்த அறைகளில் முகமூடியணிந்து இரவுகளைக் கழித்தனர். பாலஸ்தீனத் தலைமை ஈராக்கிய அதிபர் சதாம் உசேனின் பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றாண்டுகளாக எச்சிலையும் வசையையும் பொருட்படுத்தாமல் நின்றவர்களுள் பலர் அவ்வாரங்களில் வரவில்லை. பல இடங்களில் நிற்பு நின்றுபோயிற்று. போர் ஓய்ந்து மீண்டும் கூடியபோது வரிசை குட்டையாகியிருந்தது. இதைக் கோழைத்தனம் என்று தள்ளுவது அநீதி. பிறர்மீது தன் நாடு இழைக்கும் கொடுமையை எதிர்த்து நிற்கும் ஒருவர், தன் குழந்தையின் முகத்தில் வாயுமுகமூடியை மாட்டும் இரவில் எந்தத் தெருவில் நிற்பது என்ற வினா உண்மையானது. அதற்கு அவ்வியக்கம் முன்கூட்டியே விடை தேடி வைத்திருக்கவில்லை என்பதே குறை.

இரண்டாம் முறிவு 1993 செப்டம்பரில் வந்தது. ஓஸ்லோ உடன்படிக்கை, அதாவது இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டு படிப்படியான தன்னாட்சிக்கு ஒப்பிய ஒப்பந்தம், வாஷிங்டனில் கையெழுத்தானதும், நிற்பின் வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் பரவிற்று. அதையடுத்துப் பெரும்பாலான வரிசைகள் கலைந்தன. ஆனால் ஆக்கிரமிப்பு முடிந்திருக்கவில்லை. ஒப்பந்த ஆண்டுகளில் மேற்குக் கரையில் குடியேற்றங்கள் வளர்ந்துகொண்டே இருந்தன. நிறுத்துங்கள் என்று அட்டையில் எழுதியிருந்தவர்கள், நிறுத்துவோம் என்று ஆட்சியாளர் சொன்னதையே நிறுத்தியதாக எடுத்துக்கொண்டனர். 2000 செப்டம்பர் இறுதியில் இரண்டாம் இன்டிஃபாதா வெடித்த பிறகே கறுப்பு உடைகள் மறுபடி அலமாரியிலிருந்து வெளிவந்தன. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில்தான், நினைவூட்டும் ஒரு கூட்டம் சந்தியில் நின்றிருக்க வேண்டும் என்று இன்று பின்னோக்கிப் பார்ப்பவருக்குத் தோன்றுவது இயல்பு.

இதற்கிடையில் வடிவம் எல்லை கடந்திருந்தது. இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனப் பகுதிகளுக்கும் 1988இல் சென்றுவந்த இத்தாலியப் பெண்கள் அதைத் தம் ஊர்களில் தொடர்ந்தனர். அவர்கள் வழியாக அது யூகோஸ்லாவியாவை அடைந்தது. அங்கு அது ஏற்ற வேலை இன்னும் கடினமானது. ஜெருசலேமில் நின்றவர்கள் ஒரு நாட்டின் ஆட்சிக்கு எதிராக நின்றனர். பெல்கிரேடில் நின்றவர்களோ, தாங்கள் பிறந்த நாடே கண்ணெதிரே துண்டுதுண்டாகிக்கொண்டிருக்கும்போது, அத்துண்டுகளுள் வலிய துண்டின் தலைநகரில் நின்றனர்.

1991 அக்டோபரில், குரோவேஷியாவின் வூகோவார் நகரம் முற்றுகையில் நொறுங்கிக்கொண்டிருந்தது. பெல்கிரேடு தொலைக்காட்சி அதை விடுதலைப் போராகக் காட்டிற்று. இரவில் வீடு வீடாகப் போய்ப் படைக்கு அழைக்கும் தாள்கள் கொடுக்கப்பட்டன. ஏராளமான இளைஞர்கள் வீடு மாறி ஒளிந்தனர் அல்லது நாட்டை விட்டோடினர். அம்மாதத்தில் இரண்டு நிற்புகள் அந்நகரில் தொடங்கின. ஒன்று, செர்பியக் குடியரசுத் தலைவர் அலுவலகத்தின் எதிரே, இறந்த எல்லாருக்காகவும், எதிரிகளுக்காகவும்கூட, மாலைதோறும் மெழுகுவத்தி ஏற்றிய சிறு கூட்டம். குளிர்காலம் முழுவதும், மறு ஆண்டு பிப்ரவரி வரை அது நீடித்தது. மற்றது, அக்டோபர் 9 அன்று ஸ்தாஷா ஸாயோவிச் முதலியோர் தொடங்கிய ‘கறுப்புடைப் பெண்கள்’ வரிசை. பின்னர் குடியரசுச் சதுக்கம் அவர்களின் இடமாகவும் புதன்கிழமை அவர்களின் நாளாகவும் நிலைபெற்றது.

அவர்களின் அட்டைகளில் காணப்பட்ட தலையாய வாசகம், எங்கள் பெயரால் அன்று என்பது. ஜெருசலேமின் வாசகம் அரசுக்கு இட்ட கட்டளை. பெல்கிரேடின் வாசகம் அரசிடமிருந்து விலகிக்கொள்ளும் அறிவிப்பு. இவ்வேறுபாடு சிறியதன்று. தேசத்தின் பெயரால் நடக்கும் கொலைக்கு அத்தேசத்தில் பிறந்த ஒவ்வொருவரும் அறியாமலே கையொப்பமிட்டவராகிறார். அக்கையொப்பத்தை வாரந்தோறும் பலர் அறியத் திரும்பப் பெறுவதே நிற்பு என்று அவர்கள் வகுத்தனர். அதனால்தான் செர்பியாவில் வாழ்ந்த அவர்கள், குரோவேஷியத் தரப்பின் குற்றங்களையோ போஸ்னியத் தரப்பின் குற்றங்களையோ சமன்செய்து அட்டையில் எழுத மறுத்தனர். அக்குற்றங்கள் இல்லை என்பதன்று. அவற்றைச் சொல்லப் பெல்கிரேடில் தொலைக்காட்சியே இருந்தது.

அவ்வரிசை வெறும் வரிசையாக இருக்கவில்லை என்பதே அதன் சிறப்பு. புதன்கிழமை ஒரு மணி நேரம் நின்றவர்கள், எஞ்சிய நாள்களில் படையிலிருந்து தப்பிய இளைஞர்களுக்கு உதவினர், அகதி முகாம்களில் பெண்களோடு அமர்ந்தனர், தம் அறிக்கைகளைப் பல மொழிகளில் நூலாக்கினர். தெருவில் தெரிந்த முகங்கள் என்பதாலேயே, ஒளிந்திருந்த ஒருவனுக்கு எவரிடம் போய்க் கதவைத் தட்டலாம் என்பது தெரிந்தது. ஒரு நிற்பின் பயனை அதன் எதிரே கடந்துசென்றவர்களின் மனமாற்றத்தில் தேடுபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவதற்குக் காரணம் இதுதான்: நிற்பு முதலில் அதில் நிற்பவரை மாற்றுகிறது, பிறகு உதவி தேடுபவர் அவரைக் கண்டுகொள்ள வழிசெய்கிறது. போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகைக்கு எதிராக 1992 மே 31 அன்று பெல்கிரேடு வாசிகள் 1,300 மீட்டர் நீளமுள்ள கறுப்புத் துக்கப் பட்டியை நகர வீதிகளில் ஏந்திச் சென்றனர். அந்த ஒரு நாளின் பெருங்கூட்டம் எந்தப் பெரும்போராட்டத்தையும் போலவே கலைந்தது. முற்றுகையோ 1996 பிப்ரவரி வரை நீடித்தது. புதன்கிழமை வரிசையும் நீடித்தது.

போர் முடிந்த பிறகும் அவர்கள் கலையவில்லை. 1993இல் ஜெருசலேம் தவறவிட்டதைப் பெல்கிரேடு தவறவிடவில்லை என்றே கூறவேண்டும். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் போஸ்னிய செர்பியப் படையால் கொல்லப்பட்டனர். அதன் நினைவுநாளான ஜூலை 11க்கு முந்தைய நாள், ஜூலை 10 அன்று, ஆண்டுதோறும் அவர்கள் குடியரசுச் சதுக்கத்தில் நிற்கின்றனர். பத்தாம் ஆண்டான 2005இல், அப்படுகொலையின் ஒரு பகுதியைக் காட்டும் காணொளி ஹேக் நகரப் போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் வெளியாகிச் செர்பியாவை உலுக்கியிருந்த கோடையில், அவ்வரிசையின்மீது கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப்பட்டது. போரின்போது நிற்பவரைப் பார்த்து இப்போதா என்று கேட்கும் சமூகம், போருக்குப் பின் நிற்பவரைப் பார்த்து இன்னுமா என்று கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே எப்போது என்பதை அது ஒருபோதும் சொல்வதில்லை.

ஐ.நா. பெண்கள் வளர்ச்சி நிதியமும் இன்டர்நேஷனல் அலர்ட் அமைப்பும் 2001இல் ‘கறுப்புடைப் பெண்கள்’ வலையமைப்புக்கு அமைதிப் பரிசளித்தன. அதற்குள் அது பல கண்டங்களில் இருந்தது; இந்தியாவில் பெங்களூரின் விமோசனா என்னும் பெண்கள் அமைப்பு இவ்வடிவத்தை எடுத்துக்கொண்டது. லண்டனில் இவ்வரிசை புதன் மாலைகளில், 1915இல் பிரஸ்ஸல்ஸில் ஜெர்மானியப் படையால் சுட்டுக்கொல்லப்பட்ட செவிலியர் எடித் கவெலின் சிலையருகே நின்றுவந்தது. அவர்களுள் ஒருவராயிருந்த சிந்தியா காக்பர்ன், உலகின் பல பகுதிகளிலுள்ள இத்தகைய குழுக்களைத் தேடிச்சென்று எழுதிய ஆய்வாளர். நியூயார்க்கில் 2004 ஜனவரி முதல் புதன்கிழமைதோறும் ராக்கஃபெல்லர் மையத்தருகே பாட்டிமார் ஈராக் போருக்கு எதிராக நின்றனர். 2005 அக்டோபரில் அவர்களுள் பதினெட்டுப் பேர், பேரப்பிள்ளைகளுக்குப் பதிலாகத் தங்களைப் படையில் சேர்த்துக்கொள்ளுமாறு டைம்ஸ் சதுக்கத்துப் படைச்சேர்ப்பு நிலையத்துக்குப் போய்க் கைதாயினர். தொண்ணூறைத் தொட்டவரும் அவர்களுள் உண்டு. அடுத்த ஏப்ரலில் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது.

அரசுகள் நிற்பைக் கண்டு அஞ்சுவதில்லை என்று கூறுவோர் சட்டப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பிரையன் ஹா என்பவர் 2001 ஜூன் 2 முதல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில், முதலில் ஈராக்கின் மீதான பொருளாதாரத் தடைகளுக்கு எதிராகவும் பின்னர் போருக்கு எதிராகவும், இரவும் பகலும் தங்கியிருந்தார். நாடாளுமன்றத்தைச் சுற்றி முன் அனுமதியின்றி எவரும் ஆர்ப்பாட்டம் செய்யலாகாது என்ற பிரிவு 2005ஆம் ஆண்டின் கடுங்குற்றத் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டதற்கு அவரது இருப்பே தூண்டுதல் என்பது அக்காலத்தில் ஒளிவுமறைவின்றிப் பேசப்பட்டது. அவர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டார் என்பதால் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் முதலில் கூறியது. மேல்முறையீட்டில் அது மாறியது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் முதலில் தண்டனை பெற்றவர் மாயா எவன்ஸ் என்ற இளம்பெண். அவர் செய்த குற்றம், போர் நினைவுத்தூணின் அருகே நின்று ஈராக்கில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களை வாசித்தது. அத்தூண் இருப்பதே அத்தகைய பெயர்களுக்காகத்தான் என்பதை எவரும் நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்லத் தேவையிருந்திராது. பெயர் வாசிப்பு முன்பே வியட்நாம் போரின்போது, 1969இல், வாஷிங்டனில் நாடாளுமன்றப் படிக்கட்டில் குவேக்கர்கள் செய்து கைதான முறை. எண்ணிக்கையாக அறிவிக்கப்படும் இறப்பை மீண்டும் ஆளாக்கும் அம்முறையின் கூர்மையை ஆட்சியாளர்கள் எப்போதும் சரியாகவே அளந்திருக்கின்றனர்.

ரஷ்யச் சட்டத்தில் தனியாள் நிற்புக்கு முன்னறிவிப்பு தேவையில்லை. தென்னாப்பிரிக்கக் கறுப்புப் பட்டியினர் கண்டறிந்த அதே இடுக்கு அது. உக்ரைன்மீது படையெடுத்த ஒன்பதாவது நாள், 2022 மார்ச் 4 அன்று, படையை இழிவுபடுத்துவது குற்றம் என்று புதுச்சட்டம் வந்தது: முதல் முறை தண்டத்தொகை, ஓராண்டுக்குள் மறுமுறை எனில் குற்றவழக்கு. அதன்பின் எதுவுமே எழுதாத வெள்ளைத்தாளை ஏந்தி நின்றவர்களும் பிடித்துச் செல்லப்பட்டனர். அங்கே வாராந்தர நிற்பு என்ற ஒன்று வேரூன்றவே முடியவில்லை. அதே இடத்துக்கு அதே ஆள் அடுத்த வாரம் வருவதற்குத்தான் அச்சட்டம் பெருவிலை வைத்திருக்கிறது. ஆக, வசையும் தடியும் நிற்பைக் கலைப்பதில்லை என்ற கூற்றுக்கு எல்லை உண்டு: அரசு தன் முழு வலிமையையும் ஒரு தனியாள்மீது செலுத்தத் துணியும் நாட்டில் அக்கூற்று செல்லாது.

நிற்பின் மீதான குறைகூறல்கள் பலவற்றுள் இரண்டே கனமானவை. முதலாவது, அதில் நிற்பவர் யார் என்பது. ஜெருசலேம் வரிசையில் பெரும்பாலோர் ஐரோப்பிய வழிவந்த, கற்ற நடுத்தர வகுப்பு யூதப் பெண்கள் என்பதையும், கீழை நாடுகளிலிருந்து வந்த மிஸ்ராஹி யூதப் பெண்களின் இடம் அதில் குறைவு என்பதையும் இஸ்ரேலியப் பெண்ணியர்களே சுட்டியுள்ளனர். இராணுவ ஆட்சியின்கீழ் இருந்த பாலஸ்தீனப் பெண்களுக்கோ ஒரு சந்தியில் ஒரு மணி நேரம் பேசாமல் நின்று வீடு திரும்புவது என்ற வசதியே இருக்கவில்லை. இது உண்மை, ஆனால் இதிலிருந்து நிற்பு வீண் என்ற முடிவு வராது. போரை நடத்தும் பக்கத்தில், பாதுகாப்பாக நிற்க இயன்றவர்கள் அங்கே நிற்க வேண்டியவர்கள் என்ற முடிவே வரும். இரண்டாவது, நிற்பு நாளடைவில் சடங்காகிவிடுகிறது, நிற்பவர்க்கு மனநிறைவு தருவதோடு முடிந்துவிடுகிறது என்பது. பெல்கிரேடைப் போல ஒரு மணி நேரத்தோடு வேறு வேலையும் இணையாத இடங்களில் இக்குறை பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காஸாவில் 2023 அக்டோபரில் தொடங்கிய போர் இந்த வரலாற்றின் முதல் முறிவை மறுபடி சோதித்தது. அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். துக்கமும் அச்சமும் 1991ஐவிடப் பன்மடங்கு நெருக்கமானவை. நெடுங்காலம் காஸாவின் இறப்புகளுக்கு இஸ்ரேலியத் தெருவில் இடமே இருக்கவில்லை. சனிக்கிழமைப் பேரணிகள், ஹமாஸ் பிடித்துச் சென்ற பணயக்கைதிகளின் மீட்பைப் பற்றியே பேசின. 2025 மார்ச்சில் போர்நிறுத்தம் முறிந்து குண்டுவீச்சு மீண்டும் தொடங்கிய பின்னர், டெல் அவிவின் சனிக்கிழமைப் பேரணிகளின் ஓரத்தில் சிலர், காஸாவில் கொல்லப்பட்ட குழந்தைகளின் படங்களை மார்போடு பிடித்துப் பேசாமல் நிற்கத் தொடங்கினர். வாரந்தோறும் அவ்வரிசை வளர்ந்தது. படத்தின் கீழே குழந்தையின் பெயர் இருக்கும். கைதிகளுக்காக முழக்கமிட்டு வந்தவர்களுள் சிலர் நின்று, படத்தைப் பார்த்து, தாமும் ஒன்றை வாங்கிப் பிடித்ததுண்டு. அச்சம் நீங்கிய பிறகு நின்றவர்களல்லர் இவர்கள்; அச்சத்தோடே நின்றவர்கள். 1991இன் வினாவுக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த விடை என்று இதைக் கொள்ளலாம்.

அமைதி நிற்பை மதிப்பிட முற்படும் ஆய்வாளர் எத்தனை பேர் நின்றனர், எந்தப் போர் நின்றது என்று கணக்கெடுப்பதைவிட, எந்த வாரத்தில் எவர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்பது பயன் தரும். அக்கேள்விக்கு விடை சொல்லும் ஆவணங்களோ மிகக் குறைவு. பெல்கிரேடு குழு தன் வரலாற்றைத் தானே நூல்களாக்கி வைத்திருக்கிறது. ஜெருசலேமைப் பற்றிச் சில ஆய்வுகளும் நினைவுக்குறிப்புகளும் உள்ளன. நெடுஞ்சாலைச் சந்திப்புகளிலும் சிற்றூர்ச் சதுக்கங்களிலும் நின்ற எண்ணற்ற குழுக்களைப் பற்றி அட்டைகளும் சில நிழற்படங்களும் தவிர எதுவும் எஞ்சவில்லை. 1988இல் நாற்பது வயதோடு வரிசையில் சேர்ந்தவர்கள் இன்று எண்பதை நெருங்கியவர்கள். சமூகவியல், வரலாறு, பெண்ணியல் துறைகளில் ஆய்வுத் தலைப்பைத் தேடும் மாணவர்கள், வாய்மொழி வரலாற்று முறையில் அவர்களிடமிருந்து இவ்விவரங்களைத் திரட்டும் பணியை இனியும் தள்ளிப்போடாமல் மேற்கொள்ள வேண்டும்.